வைத்தியனைக் கொன்ற நோயாளி

படக்கதை என்றாலே குழந்தைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. நாவல் படிக்கிறவர்கள் பொம்மை போட்ட புத்தகத்தைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று கூட நினைக்கிறோம். ஜப்பானில் அப்படி இல்லை. அங்கே 'மங்கா' என்று சொல்லப்படும் படக்கதைகளை ரயிலில் போகும் குமாஸ்தாவும் படிக்கிறான், வீட்டில் இருக்கும் பாட்டியும் படிக்கிறாள். அது அங்கே தொடர்கதை இலக்கியத்தின் ஒரு கிளை. நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு, நம் தொடர்கதைகளில் இருப்பதைப் போலவே.

கோயோஹாரு கோதோகே என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் 'கிமெத்சு நோ யாய்பா' என்ற தொடரை 2016 பிப்ரவரி முதல் 2020 மே வரை 'ஷோனென் ஜம்ப்' என்ற வாரப் பத்திரிகையில் எழுதி வரைந்தார். அரக்கர்களை அழிக்கும் வாள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்லலாம். மொத்தம் 205 அத்தியாயங்கள், 23 புத்தகங்கள். 2019இல் 'யூஃபோடேபிள்' நிறுவனத்தார் அதை 'அனிமே' என்னும் சலனச் சித்திரத் தொடராக்கினார்கள். 2020இல் வந்த திரைப்படம் ஜப்பானிய சினிமாவின் வசூல் சரித்திரத்தையே மாற்றி எழுதியது. 2025இல் வந்த 'முடிவிலாக் கோட்டை' படம் தமிழ்க் குரலோடு நம் ஊர்த் தியேட்டர்களுக்கும் வந்தது. வீட்டுப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். பெரியவர்களும் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

வெற்றி பெற்றதாலேயே ஒரு கதை நல்ல கதையாகிவிடாது. அதனால் வசூலை விட்டுவிட்டுக் கதையில் வரும் ஒரே ஒரு பாத்திரத்தைப் பற்றி மட்டும் பேச நினைக்கிறேன். அவன்தான் வில்லன். பெயர் கிபுட்ஸுஜி முஸான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1912 முதல் 1926 வரையிலான டைஷோ காலத்தில் கதை நடக்கிறது. மலையில் கரி சுட்டு விற்கும் தன்ஜிரோ என்ற பையன், ஊருக்குள் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டுத் திரும்பும்போது, குடும்பமே வெட்டுண்டு கிடக்கிறது. உயிர் பிழைத்தவள் நெஸுகோ என்ற தங்கை ஒருத்திதான். அவளும் மனுஷியாக இல்லை. அரக்க ரத்தம் கலந்து அரக்கியாகிவிட்டாள். தங்கையைத் திரும்ப மனுஷியாக்க வேண்டும், குடும்பத்தை அழித்தவனைக் கண்டுபிடிக்க வேண்டும். தன்ஜிரோ அரக்கர் வேட்டைக்காரர்களின் படையில் சேருகிறான். எல்லா அரக்கர்களுக்கும் மூலமாக இருக்கிறவன் ஒருவனே. ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்துவிட்ட முஸான். தன் ரத்தத்தைச் செலுத்தித்தான் அவன் மனிதர்களை அரக்கர்களாக்குகிறான். அவன் செத்தால் அத்தனை பேரும் சாவார்கள்.

ஜப்பானியர்களுக்கு அரக்கன் புதியவன் அல்ல. 'ஓனி' என்று அவனுக்குப் பெயர். கொம்பும், புலித்தோல் அரைத்துணியும், இரும்புத் தடியுமாக நாட்டுக் கதைகளில் நெடுங்காலமாக வருகிறவன். பிப்ரவரி மாதத்தில் வறுத்த சோயா மொச்சையை வீட்டு வாசலில் இறைத்து 'ஓனியே, வெளியே போ' என்று விரட்டுவது இன்றும் அங்கே பண்டிகை. ரத்தம் குடிக்கும் பேய் என்ற மேல்நாட்டுச் சரக்கு அங்கே போய்ச் சேர்ந்தபோது, அதற்கு அவர்கள் வைத்த பெயரிலும் இந்த ஓனி ஒட்டிக்கொண்டான். ரத்தம் உறிஞ்சும் ஓனி என்பதுதான் 'க்யூகெத்சுகி' என்ற சொல்லின் பொருள். கோதோகே செய்த காரியம் இந்த இரண்டையும் ஒரே உடம்பில் கூட்டி வைத்ததுதான். கொம்பையும் புலித்தோலையும் எடுத்துவிட்டார். கோட்டும் தொப்பியும் மாட்டினார். வெள்ளைப்பூண்டுக்குப் பதிலாக, ஊதா நிறத்தில் சரம் சரமாகத் தொங்கும் ஃபூஜிப் பூவின் விஷத்தை வைத்தார். வெயிலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்.

இந்த வெயில் விஷயம் சுவாரசியமானது. பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய நாவலில் டிராகுலா பிரபு பகலிலும் நடமாடுவான். பகலில் அவனுடைய சக்தி குறைந்திருக்கும், அவ்வளவுதான். சூரிய வெளிச்சம் பட்டால் ரத்தப் பேய் செத்துப்போகும் என்பது, 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்தின் கற்பனை. பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பழைய ஐதீகம் போல ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். பெரும்பாலான கதைகளில் வெயில் என்பது கதையை முடிக்க உதவும் ஒரு சௌகரியம். சேவல் கூவும், ஜன்னல் திறக்கும், பேய் சாம்பலாகும். முஸான் கதையில் வெயில் அவனுடைய முழு வாழ்க்கைக்குமே பிரச்சினை. அந்த ஒரு குறையைத் தீர்த்துக்கொள்ளத்தான் அவன் ஆயிரம் வருஷம் அலைகிறான்.

முஸானைப் பற்றி ரசிகர்களில் ஒரு சாரார் சொல்லும் குறை ஒன்று உண்டு. அவனுக்குக் கீழே இருக்கும் அரக்கர்களுக்கெல்லாம் மனதைப் பிழியும் பூர்வகதை இருக்கிறது. தலைவனுக்கு மட்டும் ஆழம் இல்லை. முதலில் எப்படி இருந்தானோ அப்படியே கடைசி வரைக்கும் இருக்கிறான். இவ்வளவு பெரிய கதைக்கு இவன் போதாது என்கிறார்கள். குறையாகச் சொல்லப்படுகிற இதுதான் அந்தப் பாத்திரத்தின் உயிர் என்பது என் அபிப்பிராயம். ஆழம் இல்லாத மனிதன் ஒருவனை ஆசிரியர் வேண்டுமென்றே வரைந்திருக்கிறார். அதை மனக்கண்ணில் பார்க்கும்போது அச்சம் தட்டுகிறது.

அவன் பிறந்த கதையைப் பாருங்கள். 794 முதல் 1185 வரை நீண்ட ஹேயான் காலத்தில், உயர்ந்த குலத்தில் உதித்தவன். தாயின் வயிற்றிலேயே அவன் இருதயம் பல தடவை நின்றுபோயிற்று. பிறந்தபோது மூச்சில்லை. செத்த பிள்ளை என்று எரிக்கப் போகும் சமயத்தில் வீறிட்டு அழுதது குழந்தை. இருபது வயதைத் தாண்ட மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல மனம் படைத்த ஒரு வைத்தியர் அவனை எப்படியாவது காப்பாற்றுவதென்று மருந்து கொடுத்து வந்தார். வியாதியோ அதிகமாகிக்கொண்டே போயிற்று. ஆத்திரத்தில் ஒரு நாள் அந்த வைத்தியரைக் கொன்றுவிடுகிறான். கொன்ற பிறகுதான் தெரிகிறது, மருந்து வேலை செய்திருக்கிறது என்று. உடம்பு வஜ்ரமாகிவிட்டது. ஆனால் மனித மாமிசத்தின் மேல் பசி; வெயிலில் தலை காட்ட முடியாது. மருந்துக்கு ஒரு நீலப் பூ தேவைப்பட்டது என்று மட்டும் அவனுக்குத் தெரியும். அந்தப் பூ எங்கே பூக்கிறது, எப்படிக் காய்ச்ச வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் இவன் கொன்றுவிட்டான்.

இவ்வளவுதான் பூர்வகதை. ஒரு சிறுகதைக்கு உரிய கச்சிதம் இதில் இருக்கிறது. பொறுமையில்லாத நோயாளி ஒருவன் தன் வைத்தியனைக் கொல்கிறான். பிறகு ஆயிரம் வருஷம் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்ள முயல்கிறான். அவன் செய்த கொலைகள் எல்லாமே அந்த முதல் கொலையின் நீட்சிதான். உலகத்தை ஆள வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இல்லை. தன் இனம் பெருக வேண்டும் என்ற ஆசை கூட இல்லை. அரக்கர்களை அவன் உண்டாக்குவது அந்தப் பூவைத் தேடுவதற்கும், வெயிலைத் தாங்கும் அரக்கன் ஒருவனாவது உண்டானால் அவனை விழுங்கித் தானும் வெயிலை வெல்வதற்கும்தான்.

ஹிரோஹிகோ அராகி 1987இல் தொடங்கிய 'ஜோஜோ' கதையில் டியோ என்று ஒரு ரத்தப் பேய் வருகிறான். ஏழ்மையில் பிறந்து, வளர்த்த குடும்பத்தின் சொத்துக்கு ஆசைப்பட்டு, கடைசியில் கல் முகமூடியை மாட்டிக்கொண்டு, மனிதத் தன்மையே வேண்டாம் என்று தானாக உதறிவிட்டுப் பேயாகிறவன். அதில் ஒரு மிடுக்கு இருக்கிறது. வில்லனின் மிடுக்கு ரசிகனை மயக்கும். ராவணனிடம் மயங்காத தமிழ் ரசிகர் யார்? முஸானிடம் அந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. அவன் எதையும் துணிந்து தேர்ந்தெடுக்கவில்லை. சாகப் பயந்தான், அவ்வளவுதான். அந்தப் பயம் நமக்கும் உண்டு என்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

அஸகுஸா பகுதியில் நடக்கும் சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தன்ஜிரோ முதன்முதலாக முஸானைப் பார்க்கும் இடம் அது. குடும்பத்தை அழித்த ராட்சசனைத் தேடி வந்தவன் காண்பது என்ன? மனைவி பக்கத்தில் நிற்க, சிறு பெண் குழந்தையைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டு, விளக்கொளியில் வீதி உலா வரும் ஒரு கண்ணியமான கனவானை. அந்தக் குடும்பத்துக்கு அவன் யாரென்று தெரியாது. தப்பிப்பதற்காக, பக்கத்தில் போகிற ஒருவனின் கழுத்தில் யாரும் பார்க்காமல் நகத்தால் கீறிவிடுகிறான். அந்த அப்பாவி அரக்கனாகித் தன் மனைவி மேலேயே பாய்கிறான். குழந்தையைத் தாங்கிய கை ஒன்று, கீறிய கை ஒன்று. முகத்தில் சலனமே இல்லை.

அன்றிரவே சந்து ஒன்றில் குடித்துவிட்டு வந்த ஒருவன் இவன் மேல் இடித்துக்கொண்டு, வெளுத்துப் போயிருக்கிறாயே, இப்போதே செத்துவிடுவாய் போலிருக்கிறதே என்று கேலி பேசுகிறான். முஸானுக்கு வரும் கோபம் எப்படிப்பட்டது! வசவை அவன் பொறுத்துக்கொள்வான்; நோயாளி என்று சொன்னதை மட்டும் பொறுக்க முடியாது. அந்தக் குடிகாரனையும் கூட வந்தவர்களையும் கொன்று போடுகிறான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் படுக்கையில் கிடந்த அந்தப் பிள்ளை இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லை என்பதை இந்த ஒரு சம்பவத்தில் ஆசிரியர் காட்டிவிடுகிறார். வேறு எந்த விளக்கமும் தேவையில்லை.

அவன் ஆட்சி நடத்தும் முறையும் இதோடு ஒட்டியதுதான். அவன் பெயரை அரக்கர்கள் வாய்விட்டுச் சொன்னால் அந்த ரத்தமே அவர்களைக் கொன்றுவிடும். அவர்கள் மனதில் நினைப்பது கூட அவனுக்குத் தெரியும். கீழ்வரிசை அரக்கர்கள் ஐந்து பேரை ஒரு தடவை கூப்பிட்டு விசாரிக்கிறான். மனதுக்குள் முணுமுணுத்தவனுக்குச் சாவு. பயந்தவனுக்குச் சாவு. ஓடியவனுக்குச் சாவு. இன்னும் கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் உழைக்கிறேன் என்றவனுக்கும் சாவு. மற்றவர்கள் செத்ததைப் பார்த்து ஆனந்தப்பட்டதாகச் சொன்ன ஒருவன்தான் பிழைக்கிறான். இந்தக் காட்சிக்கு ஜப்பானிய ரசிகர்கள் வைத்த பெயர், 'பவஹரா' கூட்டம். ஆபீஸில் மேலதிகாரி கீழே இருப்பவர்களை வதைப்பதற்கு அங்கே வழங்கும் சொல் அது. அந்தக் கொடுமையைத் தடுக்கும் கடமையை முதலாளிகள் மேல் வைத்து ஜப்பான் சட்டம் செய்ததும், இந்தக் காட்சி திரையில் வந்ததும் ஒரே வருஷம், 2019. அரக்கர்களின் சபையில் தங்கள் மானேஜரின் அறையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள் போலும். நல்ல பயங்கரக் கதை, எப்போதும் தெரிந்த இடத்தில்தான் தொடுகிறது.

இனி, இந்தக் கதையின் மையமான கேள்விக்கு வரலாம். தன்ஜிரோ விசித்திரமான வீரன். அரக்கனின் தலையை வெட்டுவான். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவான். ருயி என்ற சிலந்தி அரக்கன் சாகும்போது அவன் முதுகில் கை வைத்துத் தடவிக் கொடுக்கிறான். அகாஸாவுக்கு ஒரு காலத்தில் நிச்சயம் செய்த பெண் இருந்தாள் என்றும், அவளை யாரோ விஷம் வைத்துக் கொன்றார்கள் என்றும் தெரியும்போது நமக்கும் நெஞ்சு அடைக்கிறது. இவர்களும் மனிதர்களாக இருந்தவர்கள்தான் என்று கதை திரும்பத் திரும்பச் சொல்கிறது. அப்படியானால் முஸானும் மனிதனாக இருந்தவன்தானே? பிறவியிலேயே நோயாளி. இரக்கப்பட வேண்டுமென்றால் அவனுக்குத்தானே முதலில் இரங்க வேண்டும்? அவனுக்கு மட்டும் ஏன் கதவை அடைத்துவிட்டார் ஆசிரியர்?

பதில் அவன் பெயரிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. 'முஸான்' என்ற சொல்லுக்கு இன்றைய ஜப்பானிய வழக்கில் கொடூரம் என்றும் பரிதாபம் என்றும் இரண்டு பொருளும் உண்டு. ஆனால் அதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. பாவம் செய்துவிட்டு அதற்காக வெட்கப்படாத நிலை என்பது அந்த மூலச் சொல்லின் பொருள். வள்ளுவர் 'நாணுடைமை' என்று ஒரு அதிகாரமே வைத்தாரே, அதற்கு நேர் எதிர். மற்ற அரக்கர்கள் சாகும் தறுவாயில் தாங்கள் தின்றவர்களை நினைக்கிறார்கள். அம்மாவை, தம்பியை, நிச்சயித்த பெண்ணை நினைக்கிறார்கள். வெட்கம் வந்ததும் அவர்கள் மனிதர்களாகிவிடுகிறார்கள். முஸானுக்கு அது வருவதில்லை. தான் கொன்ற வைத்தியருக்காக ஒரு தடவையாவது அவன் வருந்தியதாகக் கதையில் இல்லை. துன்பப்பட்டதாலேயே ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை என்ற கசப்பான உண்மையை ஆசிரியர் துணிந்து சொல்லியிருக்கிறார். துன்பம் எல்லோரையும் உருக்கும் என்று நாவலாசிரியர்கள் நாங்கள் எவ்வளவோ எழுதிவிட்டோம். சிலரை அது உருக்குவதில்லை.

கடைசிச் சண்டைக்கு முன்னால் முஸான் ஒரு வாதம் வைக்கிறான். மழையும் காற்றும் எரிமலையும் பூகம்பமும் எத்தனையோ பேரைக் கொல்கின்றன, அவற்றைப் பழி வாங்க யாரும் புறப்படுவதில்லையே, என்னையும் அப்படி ஒரு இயற்கை உற்பாதமாக நினைத்துக்கொண்டு, பிழைத்தவரைக்கும் லாபம் என்று உங்கள் பிழைப்பைப் பார்க்கப் போங்களேன் என்கிறான். பூமி அடிக்கடி அதிரும் நாட்டில், இழந்ததை இழந்ததாக ஏற்றுக்கொண்டு மறுபடி வீடு கட்டத் தெரிந்த ஜனங்களின் நடுவில் இந்த வாதம் எழும்போது, அதன் வஞ்சகம் நன்றாக விளங்கும். பூகம்பத்துக்கு மனம் கிடையாது. இவனுக்கு உண்டு. மனம் உள்ளவன் தன்னை இயற்கை என்று சொல்லிக்கொள்வது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் வழி. யுத்தம் தொடங்கியவர்களும் பஞ்சத்தை வளர விட்டவர்களும் இதே பாஷையில் பேசியிருக்கிறார்கள். அதைக் கேட்டபோதுதான் தன்ஜிரோவின் கண்ணில் இரக்கம் முழுவதும் வற்றிப்போகிறது. அந்த இடத்தில் அவன் கோபப்பட்டுக் கத்தவில்லை என்பது ஆசிரியரின் ரசனைக்குச் சாட்சி.

முஸானுக்கு எதிரே நிறுத்தப்பட்டிருக்கும் மனிதர் ககாயா உபுயாஷிகி. வேட்டைக்காரர் படையின் தலைவர். முஸான் பிறந்த அதே குலத்தின் வாரிசு. அந்த அரக்கனைப் பெற்ற பாவத்தால் அந்தக் குடும்பத்தில் ஒருவரும் முப்பது வயதைத் தாண்டுவதில்லை. ஒரே ரத்தம், ஒரே நோய்ப் படுக்கை. ஒருவன் ஆயிரம் வருஷம் வாழ்ந்தான், மற்றவர் இருபத்து மூன்று வயதில், மனைவியும் இரண்டு பெண்களும் பக்கத்தில் இருக்க, வீட்டோடு வெடித்துச் சிதறி முஸானைப் பொறியில் சிக்க வைக்கிறார். அந்தக் குழந்தைகளையும் சேர்த்துப் பலி கொடுத்தது நியாயமா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஆசிரியர் அந்தக் கேள்விக்கு நேராக முகம் கொடுக்கவில்லை. ஆனால் நிரந்தரமாக இருப்பது உடம்பு அல்ல, ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் நினைவுதான் என்ற அவருடைய கட்சி கதை முழுவதும் ஓடுகிறது. முஸானை வெட்டும் வாள்முறை எப்படிப் பிழைத்தது? கரி சுடும் ஏழைக் குடும்பத்தில் வருஷப் பிறப்பில் ஆடும் ஒரு அக்கினி நடனமாக, அப்பனிடமிருந்து பிள்ளைக்கு, காரணம் தெரியாமலேயே வந்து சேர்ந்திருக்கிறது.

முடிவிலும் ஒரு வைத்தியர் வருகிறார். தமாயோ என்ற பெண். முஸானால் அரக்கியாகி, தன் புருஷனையும் குழந்தைகளையும் தானே தின்றுவிட்டவள். அந்த வெட்கத்தைச் சுமந்துகொண்டு நூற்றாண்டுகளாக மருத்துவம் படித்தவள். அவளும் ஷினோபு என்ற வேட்டைக்காரப் பெண்ணும் சேர்ந்து உண்டாக்கிய மருந்துதான், முஸானின் உடம்பில் நிமிஷத்துக்கு ஐம்பது வருஷம் என்று முதுமையை ஏற்றி, விடியும் வரை அவனை ஓட விடாமல் கட்டிப்போடுகிறது. முதல் வைத்தியரின் மருந்து அவனுக்கு உயிர் கொடுத்தது. இரண்டாவது வைத்தியரின் மருந்து அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அந்த நீலப் பூவோ, வருஷத்தில் இரண்டு மூன்று நாள் பகலில் மட்டுமே பூக்கும் என்று கதையின் கடைசியில் போகிற போக்கில் சொல்லப்படுகிறது. இரவில் மட்டும் தேடியவன் கண்ணில் அது எப்படிப் படும்? இவ்வளவு பெரிய கிண்டலை இவ்வளவு மெதுவாகச் சொன்ன ஆசிரியரை நான் பாராட்டுகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. கடைசிச் சண்டை அளவுக்கு மேல் நீளுகிறது; சவுக்கு வீச்சும் ரத்தமும் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப் போகிறது. வாராவாரம் பரபரப்போடு முடிக்க வேண்டிய தொடர்கதைக்காரரின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் புத்தகமாகச் சேர்த்துப் படிக்கும் வாசகனுக்கு அது சமாதானம் ஆகாது. சாகும் அரக்கன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பூர்வகதை என்பதும் நாலைந்து தடவைக்குப் பிறகு எதிர்பார்த்த ஒரு சடங்காகிவிடுகிறது. செத்தவர்களின் சாயலில் இன்றைய டோக்கியோவில் பிள்ளைகளை உலவ விட்டு முடித்திருப்பது, சாவின் கனத்தைக் குறைத்துவிடுகிறது.

ஆனாலும் முஸானின் முடிவு அந்தக் குறைகளையெல்லாம் தாங்கி நிற்கிறது. வெயில் எழும்போது அவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்ன உருவம் எடுக்கிறான் தெரியுமா? மலை போல ஊதிப் பெருத்த ஒரு கைக்குழந்தையின் உருவம். எரிக்கப் போன அந்தப் பிள்ளை மறுபடி எரிகிறது. இந்தத் தடவை அழுகை பலிக்கவில்லை. கடைசி நிமிஷத்தில், ககாயா சொன்னது சரிதான் என்று அவனுக்குப் புரிகிறது. புரிந்ததும் என்ன செய்தான்? தன் ரத்தம் முழுவதையும் தன்ஜிரோவுக்குள் செலுத்தி, நீ என் வாரிசாக இரு என்கிறான். யாரும் தேவையில்லை என்று ஆயிரம் வருஷம் வாழ்ந்தவன், தான் கொன்ற குடும்பத்தின் பிள்ளையிடம், என்னைத் தனியே விட்டுப் போகாதே என்று கெஞ்சுகிறான். தன்ஜிரோவோ செத்தவர்களும் இருப்பவர்களும் கை கொடுத்துத் தூக்க, திரும்பிப் பாராமல் வெளிச்சத்தை நோக்கிப் போய்விடுகிறான்.

கெஞ்சும்போது கூட முஸான் மன்னிப்புக் கேட்கவில்லை. உண்மையைப் புரிந்துகொள்வதும் வெட்கப்படுவதும் வேறு வேறு என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. சாவு எல்லோருக்கும் பயம்தான். அந்தப் பயத்துக்கு எத்தனை பேரைப் பலி கொடுக்கச் சம்மதிக்கிறோம் என்பதில்தான் மனிதனும் அரக்கனும் பிரிகிறார்கள்.